வான் மாமாவின் முன் சீற்

என் கைத்தொலைபேசியில் ஓர் இலக்கம் ‘வான் மாமா’ என்ற பெயரில் இன்னும் இருக்கிறது. மூன்று தொலைபேசி மாற்றியும் அந்தப் பெயரை நான் மாற்றவில்லை. மாற்றுவதற்கு வேறு பெயரும் எனக்குத் தெரியாது. உரும்பிராயிலிருந்து மானிப்பாய் வரைக்கும் அவர் ஓட்டிய வானில் பிள்ளைகளை அனுப்பிய எந்த வீட்டிலும் அவருடைய பெயரை யாராவது கேட்டதாக நினைவில்லை. ஒன்றரை வருடம் தினமும் அவரோடு போய்வந்த நானும் கேட்கவில்லை. இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஆளைச் சொல்கிறேன். அப்போது அவருக்கு ஐம்பத்தைந்து வயது மதிக்கலாம். வெயிலில் காய்ந்து கறுத்த ஒல்லியான, உயர்ந்த மனிதர். சேர்ட்டின் மேல் பொத்தான் எப்போதும் பூட்டியிருக்கும். காலில் செருப்பு ஒருநாளும் இருக்காது. பிரேக்கை வெறுங்காலால் மிதித்தால்தான் அதன் குணம் தெரியும் என்பார். வடகரையில் மீன்பிடித் தொழில் செய்த குடும்பம். இடம்பெயர்ந்து உரும்பிராய்க்கு வந்து, செம்மண் ஒட்டி அங்கேயே நின்றுவிட்டார். வானை வெள்ளையாக வாங்கி, வாங்கிய கிழமையே மஞ்சள் அடித்தார். வெள்ளை வான் என்றால் ஆள் கடத்தல்தான் நினைவுக்கு வரும் எங்கள் ஊரில், ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. மானிப்பாயில் ஒரு சேர்ச் நடத்திய முன்பள்ளியில் உதவி ஆசிரியை. அதுதான் என் முதல் வேலை. வான் எங்கள் ஒழுங்கையிலிருந்து புறப்பட்டதால், அதிலேயே ஏறி வந்து வழியில் பிள்ளைகளை ஏற்றி, எண்ணி, மூக்குத் துடைத்துக் கொண்டுவரும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. மொத்தம் எட்டுப் பிள்ளைகள். எல்லாரும் நாலு, நாலரை வயது.

முதல் தவணை முழுவதும் எனக்கு அந்த மனிதரைப் பிடிக்காது. உள்ளதைச் சொல்கிறேன். காரணம் அவர் வாயிலிருந்த ஒரு வசனம். ‘உது என்னிலை பிழை.’ மற்றவர்கள் வணக்கம் சொல்வதைப்போல அவர் அதைச் சொல்வார். ஒருநாள் திடீரென்று பிரேக்கை மிதித்தார். பிள்ளைகள் எல்லாரும் முன்னுக்கு ஆடிப் பின்னுக்கு விழுந்தார்கள்.

“பிள்ளையள், ஒருத்தருக்கும் நோகேல்லையோ? உது என்னிலை பிழை. நாய் ஒண்டும் குறுக்கை வரேல்லை. அந்த வளவிலை நிண்ட வாழைக்குலையைப் பாத்துக்கொண்டு வந்திட்டன்.”

நாலு வயதுப் பிள்ளைகளுக்கு நாய் என்று சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று நான் நினைத்தேன். சொல்லாமலே விட்டிருந்தாலும் யார் கேட்கப் போகிறார்கள்?

பிறகு பூச்சாடிச் சம்பவம் நடந்தது. சுதுமலையில் ஒரு வீட்டு வாசலில் வானைப் பின்னுக்கு எடுத்தபோது, படலையோடு வைத்திருந்த அந்தூரியம் சாடியை இடித்துவிட்டார். சாடி இரண்டாகப் பிளந்தது. வீடு பூட்டியிருந்தது. தெருவில் ஒரு குஞ்சும் இல்லை. எனக்கு நேரம் போய்க்கொண்டிருந்தது.

“மாமா, ஒரு துண்டிலை எழுதிச் செருகிப்போட்டு வாங்கோ. பிந்துது.”

“துண்டை ஆடு திண்டிடும் ரீச்சர்.”

சொல்லிவிட்டு, அந்தூரியத்தை வேரோடும் மண்ணோடும் இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு படலையடியில் நின்றார். இருபத்தைந்து நிமிடம் நின்றார். எட்டுப் பிள்ளைகளும் எனக்குத் தெரிந்த எல்லாப் பாட்டையும் பாடி முடித்து, எனக்குத் தெரியாதவற்றையும் பாடத் தொடங்கிவிட்டார்கள். ஒருவழியாகச் சந்தையிலிருந்து வீட்டுக்கார அம்மா பையோடு வந்தா.

“அம்மா, பின்னுக்கு எடுக்கேக்கை இடிச்சுப்போட்டன். உது என்னிலை பிழை.”

“அதுக்கோ தம்பி இவ்வளவு நேரம் நிண்டனீங்கள்? உது முந்தியே வெடிச்ச சாடியெல்லோ!”

அன்று முன்பள்ளியின் தலைமை ஆசிரியையான பெரிய ரீச்சர் முதலில் தன் மணிக்கூட்டைப் பார்த்தா, பிறகு என்னைப் பார்த்தா. மிஷன் பள்ளிக்கூடங்களில் மூன்று தலைமுறையாகப் படிப்பித்த குடும்பம் அவவுடையது. நேரத்துக்கு வராததை அவ ஒரு வகைத் திருட்டாகவே கருதினா. பேச்சு வாங்கியது நான்தான். அடுத்த திங்கட்கிழமை அந்தச் சுதுமலை வாசலில் புதுச் சாடி ஒன்று இருந்தது. அவர்தான் வைத்திருக்க வேண்டும். எனக்கு இன்னும் எரிச்சல் கூடியது.

அந்தக் காலத்தில் நானும் பிள்ளைகளுக்கு உண்மை பேசுவதைப் படிப்பித்துக்கொண்டுதான் இருந்தேன். அதற்கென்று படம் போட்ட அட்டைகள் இருந்தன. முதல் அட்டையில் பிள்ளை கோப்பையை உடைக்கும். இரண்டாவதில் அழும். மூன்றாவதில் அம்மாவிடம் சொல்லும். நாலாவது அட்டையில் அம்மா பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பா. அட்டையில் அம்மா ஒருநாளும் அடிக்கப் பூவரசந்தடி முறிக்க மாட்டா.

என்னுடைய இன்னொரு வேலை, பிள்ளைகள் மேடை ஏறும்போது திரைக்குப் பின்னால் நின்று முதற் சொல்லை எடுத்துக் கொடுப்பது. பேச்சோ பாட்டோ, பிள்ளை சனத்தைக் கண்டதும் மறந்துபோய் என்னைத் திரும்பிப் பார்க்கும். நான் மெல்லிய குரலில் முதற் சொல்லைச் சொல்வேன். அது போதும், மிச்சம் தானாக வரும். அதில் நான் கெட்டிக்காரி என்று பெரிய ரீச்சரே ஒருமுறை சொன்னா.

வான் மாமாவிடம் ஒருநாள் கேட்டேவிட்டேன். மதியம் எல்லாப் பிள்ளைகளையும் இறக்கிவிட்டு, நானும் அவரும் மட்டும் உரும்பிராய்க்கு வந்துகொண்டிருந்தோம்.

“ஏன் மாமா, தொட்டதுக்கெல்லாம் பிழை பிழை எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறியள்? சின்னப் பிள்ளையள் உங்களை மதிக்காதுகள்.”

அவர் சிரித்தார். பிறகு சொன்னார்.

“எனக்குப் பதினாறு வயது. அண்ணையோடையும் இன்னும் ரெண்டு பேரோடையும் தொழிலுக்குப் போறனான். வள்ளத்தின்ரை பின்பக்கம் ஒரு ஓட்டை இருக்கும் ரீச்சர். கரையிலை இழுத்து வைக்கேக்கை உள்ளுக்கை நிக்கிற தண்ணி ஓடுறதுக்கு. இறக்க முந்தி அதுக்குத் தக்கை அடிக்கவேணும். அது என்ரை வேலை. அண்டைக்கு மறந்துபோனன். நல்லாத் தூரம் போனாப் பிறகுதான் குதிக்காலிலை தண்ணி பட்டுது. அண்ணை பொல்லாத ஆள். சொல்லப் பயந்து, ஓட்டையைக் குதிக்காலாலை பொத்திக்கொண்டு நிண்டனான்.”

“பிறகு?”

“குதிக்கால் தக்கையோ? தண்ணி வந்துகொண்டுதான் இருந்தது. நான் ஒண்டும் தெரியாத ஆள் மாதிரி வானத்தைப் பாத்துக்கொண்டு நிண்டனான். அண்ணை கண்டு கேக்கேக்கை வள்ளம் அரைவாசி. வலையை வெட்டிக் கடலிலை விட்டிட்டு, நாலு பேரும் அள்ளி அள்ளி ஊத்திக் கரை சேந்தம். அந்த நேரமே சொல்லியிருந்தா ஒரு துணியாலை அடைச்சிருக்கலாம். அண்ணை அடிக்கேல்லை. அடிச்சிருந்தா நான் மறந்திருப்பன்.”

அன்றிலிருந்து அவர் மேல் இருந்த என் எரிச்சல் குறைந்தது. ஆனால் அவர் சொன்னதை நான் கதையாகத்தான் கேட்டேன்.

மானிப்பாய்ச் சந்தியில் ஒருமுறை போக்குவரத்துப் பொலிஸ் மறித்தபோது, அவர்கள் வாய் திறப்பதற்கு முன்னமே தான் கோட்டைத் தாண்டியதாகத் தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் சொன்னார். பொலிஸ்காரர் ஒருகணம் திகைத்துப்போய் நின்றார். பிறகு தண்டத் துண்டை எழுதியே கொடுத்தார். மிதுசன் என்ற வாயாடிப் பிள்ளை கேட்டான்.

“உண்மை சொன்னீங்கள்தானே மாமா, பேந்து ஏன் துண்டு தந்தவர்?”

“பிழை விட்டனான்தானே ராசா. சொன்னாப் போல அது இல்லாமல் போகுமோ?”

இவ்வளவு தெளிவாக இருந்த மனிதர்தான் முன் சீற் விளையாட்டைத் தொடக்கினார். அவர் விட்ட மிகப் பெரிய பிழை அது.

விளையாட்டு ஒரு பேக்கரி ஜாம் பணிசில் தொடங்கியது. யாரோ பாதிப் பணிசைச் சீற்றில் வடிவாகப் பூசிவிட்டார்கள். யார் என்று கேட்டால் எட்டுப் பேரும் யன்னலால் மாடு பார்க்கிறார்கள். அவர் வானை நிறுத்தினார்.

“சொல்லுற ஆளுக்கு அடி இல்லை, பேச்சு இல்லை. முன் சீற்றிலை என்னோடை இருந்து வரலாம். வீட்டை போனதும் ஹோர்னை ஒரு தரம் அடிக்கலாம்.”

மிதுசனின் கை உடனே மேலே போனது. முன்னால் ஏற்றிப் பட்டியைப் போட்டுவிட்டார். வீட்டு வாசலில் அவன் அடித்த ஹோர்ன் கோண்டாவில் வரை கேட்டிருக்கும்.

அன்றிலிருந்து மதிய வானில் தினமும் ஒப்புக்கொள்ளல்தான். “நான் தம்பியின்ரை பிஸ்கட்டைத் திண்டனான் மாமா.” “நான் அம்மம்மாவின்ரை பல்லுச்செற்றை அரிசிப் பானைக்குள்ளை போட்டனான்.” நல்ல பிழையாகப் பார்த்து அவர் முன் சீற்றைக் கொடுப்பார். எனக்கும் அது பிடித்துப்போனது. என் அட்டைகள் செய்யாததை இந்த மனிதர் ஒரு சீற்றைக் காட்டிச் செய்துவிட்டாரே என்று பொறாமைகூட வந்தது. இரண்டு கிழமைக்குள் பிழைகள் வளரத் தொடங்கின. ஒரு பிள்ளை கோயில் தேரை உடைத்தது. மிதுசன் ரயிலைத் தட்டி விழுத்தினான்.

“ரயிலுக்கு நோந்ததோ?” என்று கேட்டுவிட்டு அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். இரண்டு பெரிய ஆட்கள் இருந்தோம், ஒருவருக்கும் மூளை வேலை செய்யவில்லை.

அந்த எட்டுப் பேரில் அக்சயா என்று ஒரு பிள்ளை இருந்தாள். கோண்டாவிலில் ஏறுபவள். மெல்லிய உடம்பு, இரட்டைப் பின்னல். தண்ணீர்ப் போத்தலைக்கூட இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பாள். ஒருநாளும் ஒரு குழப்படி செய்யமாட்டாள். அதனால் ஒருநாளும் முன் சீற் கிடைக்கவில்லை. அவர் அவளைக் கேட்கும்போதெல்லாம் பாவமாகக் கையை விரிப்பாள்.

“எனக்கு இண்டைக்கும் ஒண்டும் வரேல்லை மாமா.”

இனி என் விஷயத்துக்கு வருகிறேன்.

அந்தத் தவணையில் ஒரு புதன்கிழமை பெற்றோருக்குக் கண்காட்சி வைப்பதாக இருந்தது. பிள்ளைகள் ஒரு மாதமாக வரைந்த படங்கள், காகித வீடுகள், முகமூடிகள், பட்டங்கள் எல்லாவற்றையும் அதற்கு முந்திய கிழமையே மண்டபத்தில் பாய் விரித்துக் காயவைத்திருந்தோம். வெள்ளிக்கிழமை மதியம் தூரிகைகளைக் கழுவுவதற்காக, மூலையில் பெரியவர்கள் கை கழுவும் தொட்டியின் பைப்பைத் திறந்தேன். காலையிலிருந்து கரண்ட் இல்லை, தண்ணீர்த் தாங்கி காலி. காற்றுத்தான் வந்தது. தூரிகைகளையும் துடைத்த துணியையும் தொட்டிக்குள் போட்டேன். வெளியே வான் ஹோர்ன் அடித்தது. ஓடிப்போய் ஏறிவிட்டேன்.

திங்கள் விடியக் காவலாளி ஐயா மோட்டரைப் போட்டுத் தாங்கியை நிரப்பியிருக்கிறார். எட்டு மணிக்கு நாங்கள் கதவைத் திறந்தபோது மண்டபத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். காகித வீடுகள் கரைந்து கிடந்தன. முகமூடிகள் சாயம் போய் மிதந்தன. ஒரு பிள்ளை அழத் தொடங்க, எல்லாம் சேர்ந்து அழுதன. பெரிய ரீச்சர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போய்ப் பைப்பைப் பூட்டினா. துணி அடைத்த தொட்டியைக் கண்ட அந்தக் கணமே எனக்கு எல்லாம் நினைவு வந்துவிட்டது.

“உது பிள்ளையளின்ரை வேலை. ஆரோ திறந்து விளையாடியிருக்கினம்” என்றா பெரிய ரீச்சர். பிறகு என் பக்கம் திரும்பினா. “நீர் ஒருத்தரையும் காணேல்லையோ?”

“இல்லை ரீச்சர்” என்றேன்.

அது உண்மைதான். நான் ஒருவரையும் காணவில்லை. என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகக் கேவலமான உண்மை அது.

எனக்குப் பயம். வேலைக்குச் சேர்ந்து வருடம்கூட முடியவில்லை. ‘பொறுப்பில்லாத பெட்டை’ என்ற பேச்சு ஒருமுறை வந்தால் மானிப்பாயிலோ உரும்பிராயிலோ எந்த முன்பள்ளியும் என்னைச் சேர்க்காது. யாரையும் குற்றம் சொல்லவில்லைத்தானே, நாலு நாளில் எல்லாரும் மறந்துவிடுவார்கள் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

அன்று மதியம் வானில் அவர் வழக்கம்போலக் கேட்டார்.

“இண்டைக்கு ஆர் முன்னுக்கு?”

அக்சயாவின் கை மேலே போனது. முகமெல்லாம் பூரிப்பு.

“மாமா, நான்தான் பைப்பைத் திறந்தனான்!”

அந்தப் பைப் அவள் கைக்கு எட்டாது. கதிரை போட்டு ஏறினாலும் திருகியைத் திருப்ப அவளுக்குப் பெலன் காணாது. அது எனக்கு வடிவாகத் தெரியும். வான் மாமாவுக்குத் தெரியாது. அவர் மண்டபத்துக்குள் கால் வைத்ததில்லை.

“அடடா, பெரிய பிழையெல்லோ! சொன்னது நல்லது பிள்ளை, வாங்கோ” என்று தூக்கி முன்னால் வைத்தார். கோண்டாவிலில் அவள் வீட்டு வாசலில் ஹோர்ன் ஒருமுறை ஒலித்தது. நான் பின்னால் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை. கோண்டாவிலில் வான் நின்றபோது அக்சயா படலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் வீங்கியிருந்தது. முழங்காலுக்குக் கீழே இரண்டு சிவந்த கோடுகள். தாய் வானுக்குக் கிட்ட வந்தா.

“அண்ணை, இவள் செய்த வேலை தெரியுமோ? நேற்றுப் பின்னேரம் முழுக்க, வானிலை வந்த பிள்ளையள் சொல்லித் தாய்மார் ஒவ்வொருத்தராக் கோல் எடுத்துக் கேக்கினம், உங்கடை பிள்ளையோ கண்காட்சியைப் பழுதாக்கினது எண்டு. எனக்கு முகம் குடுக்கேலாமல் போச்சு. முதல் கேக்கேக்கை ஓம், நான்தான் எண்டாள். தடியை எடுத்தாப் பிறகு நான் செய்யேல்லை எண்டு மாத்திக் கதைக்கிறாள். பொய்க்கும் சேத்து ஒண்டு குடுத்தனான்.”

அவர் என்ஜினை நிறுத்தினார். இறங்கி வந்து அக்சயாவுக்கு முன்னால் குந்தினார்.

“பிள்ளை, பைப்பை நீங்கள் திறந்தனீங்களோ?”

இல்லை என்று தலையாட்டினாள்.

“அப்ப ஏன் திறந்தனான் எண்டு சொன்னனீங்கள்?”

“முன்னுக்கு இருக்க.”

அவர் அப்படியே செம்மண்ணில் சப்பாணி கட்டி உட்கார்ந்துவிட்டார். வேறு நாளில் என்றால் எனக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

“உது என்னிலை பிழை” என்றார். அந்த வசனத்தை நான் நூறு தரம் கேட்டிருப்பேன். அன்று அது அவர் வாயிலிருந்து கஷ்டப்பட்டு வந்தது. “தங்கச்சி, பிள்ளை பொய் சொன்னவள்தான். ஆனா சொல்லப் பழக்கினது நான். பிழையைச் சொன்னா முன் சீற் தாறன் எண்டு ஆசை காட்டினனான். பிழை இல்லாத பிள்ளை என்ன செய்யும்? நேற்றுச் சொன்னது பொய், அடிக்கேக்கை சொன்னதுதான் உண்மை. ரெண்டுக்கும் அவளுக்குத்தான் அடி விழுந்திருக்கு.”

தாய் மகளின் காலைப் பார்த்தா.

அவர் எழும்பி, வானின் கதவைப் பிடித்துக்கொண்டு மற்றப் பிள்ளைகளுக்கும் சொன்னார்.

“பிள்ளையள், மாமா ஒரு பிழை விட்டிட்டன். அக்சயாவுக்கு நோக வைச்சிட்டன். இண்டையிலையிருந்து முன் சீற் ஒருத்தருக்கும் இல்லை.”

“அப்ப பைப்பைத் திறந்தது ஆர்?” என்று மிதுசன் கேட்டான்.

“எனக்குத் தெரியாது ராசா. திறந்த ஆளுக்குத் தெரியும். அவர் சொல்லட்டும்.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கோபப்பட்டாவது தப்பியிருப்பேன்.

வான் புறப்பட்டது. அக்சயா எனக்குப் பக்கத்தில் இருந்தாள். கோண்டாவில் ரயில் கடவையில் படலை மூடியிருந்தது. காங்கேசன்துறைக்குப் போகும் ரயிலுக்காகக் காத்து நின்றோம். நான் யன்னலுக்கு வெளியே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வள்ளத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்க, ஒன்றும் தெரியாத ஆள் மாதிரி வானத்தைப் பார்த்த பதினாறு வயதுப் பெடியன் நினைவுக்கு வந்தான். அந்த வானில் என் குதிக்கால் கீழ்த்தட்டை அழுத்திக்கொண்டிருந்ததை நான் உணர்ந்தேன். பொய்யில்லை, கால் வலித்தது.

ரயில் போய் முடிந்தது. படலை இன்னும் திறக்கவில்லை.

“மாமா, பைப்பைத் திறந்தது நான்” என்றேன். “வெள்ளிக்கிழமை திறந்துபோட்டுப் பூட்ட மறந்துபோனன்.”

எட்டுத் தலையும் என் பக்கம் திரும்பின. அவர் மட்டும் திரும்பவில்லை.

“ரீச்சரோ?” என்றான் மிதுசன். ரயிலை விழுத்தியவனால்கூட அதை நம்ப முடியவில்லை.

அக்சயா என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்ப ஏன் ரீச்சர் நேற்றுச் சொல்லேல்லை?”

“பயமாக் கிடந்தது.”

“அடிப்பினம் எண்டோ?”

“ஓம். அது மாதிரித்தான்.”

அவள் யோசித்தாள். காலில் இருந்த கோட்டை விரலால் ஒருமுறை தடவினாள்.

“பெரிய ரீச்சர் அடிக்க மாட்டா. பேசுவா. நான் உங்களோடை வாறன்.”

பிறகு நடந்தவற்றை முதலே சொல்லிவிடுகிறேன். வேலை போகவில்லை. கண்காட்சி ஒரு கிழமை தள்ளிப்போனது. பெற்றோருக்கு முன்னால் எழுந்து நின்று நானே சொல்ல வேண்டும் என்று பெரிய ரீச்சர் சொன்னா. சொன்னேன். பிள்ளைகள் எல்லாவற்றையும் திரும்பச் செய்தார்கள். தண்ணீரில் சுருங்கிய படங்களையும் காயவைத்துக் கொடி கட்டித் தொங்கவிட்டோம். பெற்றோர் அவற்றின் முன்னால்தான் கூட நேரம் நின்றார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பின்னேரமே கோண்டாவிலுக்குப் போனேன். வான் மாமாதான் கூட்டிக்கொண்டு போய், ஒழுங்கை முகப்பில் காத்து நின்றார். அக்சயாவின் தாய் என்னை வாசலிலேயே நிறுத்தி வைத்துக் கேட்டா.

“ரீச்சர், உங்களோடை எனக்குக் கோவம்தான். ஒளிக்கேல்லை. அவளின்ரை காலைப் பாத்தீங்களோ?”

“பாத்தனான் அக்கா. எனக்கு விழவேண்டியது.”

அவ மகளைக் கூப்பிட்டா. குசினிப் பக்கம் பார்த்துக்கொண்டு, “அம்மா அடிச்சது பிழை, என்ன?” என்றா. அக்சயா “ஓம்” என்று சொல்லிவிட்டு விளையாட ஓடிவிட்டாள். தாய் என்னைப் பார்த்து, “வந்து இருங்கோ, தேத்தண்ணி போடுறன்” என்றா.

நான் அந்த முன்பள்ளியில் இருந்து போன பிறகும் அவர் சில வருடங்கள் வான் ஓட்டினார். நிறுத்தியதும் அவருடைய பாணியில்தான். ஒருநாள் பிள்ளைகள் ஏறும் வீடு வீடாகப் போய்ப் படலையடியில் நின்று சொல்லியிருக்கிறார். “கண் மங்கிக்கொண்டு வருது. ஒருத்தருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். இனியும் பிள்ளையளை ஏத்தினா அது என்னிலை பிழை.” வானை விற்றுவிட்டு வடகரைக்கே, மகள் வீட்டுக்குப் போய்விட்டார். தைப்பொங்கலுக்கு ஒருமுறை தொலைபேசியில் எடுத்தேன். என் குரல் அவருக்குப் பிடிபடவில்லை. “பைப் ரீச்சர்” என்றேன். அந்தப் பக்கம் பெரிய சிரிப்புக் கேட்டது. அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டும். அதற்காகவே இந்த வருடமும் எடுப்பேன். இந்த முறை பெயரையும் கேட்டுவிட வேண்டும்.

இப்போது நானே ஒரு முன்பள்ளி நடத்துகிறேன். அட்டைகள் இல்லை. பரிசும் இல்லை. பிழை விட்டால் பிள்ளைகளிடம் சொல்கிறேன், அவ்வளவுதான். வான் மாமாவைப்போலச் சிரித்த முகத்தோடு சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை. ஒவ்வொரு முறையும் முதற் சொல்லைத் தேடுகிறேன். அப்போதெல்லாம் அந்தச் செவ்வாய்க்கிழமைக் காலைதான் நினைவுக்கு வரும்.

மானிப்பாயில் வான் முன்பள்ளி வாசலில் நின்றது. பிள்ளைகளை இறக்கிய கையோடு அடுத்த சவாரிக்குப் பறக்கிற மனிதர் அன்று என்ஜினை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் கை வைத்தபடி இருந்தார். மற்ற ஏழு பேரும் இறங்காமல் யன்னலில் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அக்சயா என் கையைப் பிடித்தாள். அந்தச் சின்னக் கை சூடாக இருந்தது. பெரிய ரீச்சரின் அறைக் கதவு வரை என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். எனக்குத் தட்டக் கை வரவில்லை. அவளே தட்டினாள்.

பெரிய ரீச்சர் கொப்பியிலிருந்து தலையை நிமிர்த்தி, கண்ணாடிக்கு மேலால் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தா.

“என்ன?”

வழியெல்லாம் கட்டி வைத்திருந்த வசனம் அப்படியே காணாமல் போயிற்று. கீழே பார்த்தேன். அக்சயா என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு என் கையை மெல்ல இழுத்துக் குனிய வைத்து, மேடைத் திரைக்குப் பின்னால் நின்று நான் அவளுக்குச் சொல்வேனே, அதே மெல்லிய குரலில் என் காதுக்குள் சொன்னாள்.

“நான்தான் எண்டு தொடங்குங்கோ ரீச்சர்.”

“நான்தான்” என்று தொடங்கினேன். மிச்சம் தானாக வந்தது.